சுதேசிக் கப்பற் கம்பெனியின் நோக்கங்கள்

கப்பலோட்டிய தமிழன் என்று சொன்னவுடன் ஒரு தனி மனிதரின் உருவமே நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. வழக்கறிஞர் தொழிலை விட்டு நாட்டுத் தொண்டில் இறங்கியவர், சிறையிலே செக்கிழுத்தவர். 1961-ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படமும் அந்த உருவத்தை மக்கள் உள்ளத்தில் ஆழப் பதித்துவிட்டது. அது நல்லதே. ஆயினும், மாணவர்களே, இன்று நான் பேச விரும்புவது வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வாழ்க்கையைப் பற்றியன்று. அவர் தோற்றுவித்த கம்பெனியைப் பற்றியே பேச விரும்புகிறேன். ஒரு கப்பல் தனி ஒருவரால் ஓடுவதில்லை. பணம் போட்டவர், பொறி இயக்கியவர், கரி அள்ளிப் போட்டவர், பயணச் சீட்டு வாங்கி ஏறியவர் ஆகிய அத்தனை பேரும் சேர்ந்தாலன்றி நங்கூரம் எழாது.

முதலில் தூத்துக்குடியின் நிலையைச் சிறிது பார்ப்போம். 1876-ஆம் ஆண்டில் இரயில் பாதை அவ்வூரை எட்டியது. இராமேசுவரத்துக்கு அப்பால் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குச் செல்லும் கப்பல் இரயில் 1914-இல்தான் வந்தது. அதுவரை சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோருக்குத் தூத்துக்குடியே வாயில். அங்கே கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே நின்றன. தோணிகளே ஆட்களையும் பஞ்சுப் பொதிகளையும் அக்கப்பல்களுக்கு ஏற்றிச் சென்றன. தோணி நம்மவருடையது; கப்பலோ அயலாருடையது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஆங்கில நிறுவனம் அக்கடல்வழியைத் தன் கைக்குள் வைத்திருந்தது. 1856-இல் வேறொரு பெயரில் தோன்றி, வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் கிளை பரப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை உடையதாய் வளர்ந்த பெருநிறுவனம் அது.

இத்தகைய ஒன்றை எதிர்த்து 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். சிதம்பரனார் துணைச் செயலாளர். மூலதனம் 10 இலட்ச ரூபாய். ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். வகுப்பில் இப்பாடம் நடத்தும்போதெல்லாம் இக்கணக்கை மாணவரைக் கொண்டே போடச் செய்வது என் வழக்கம். ஆயிரம் ரூபாய் வீதம் ஆயிரம் பங்குகள் என்று வைத்திருந்தாலும் அதே 10 இலட்சந்தானே வரும்? பின் ஏன் 25 ரூபாய்? ஒருமுறை கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “பணக்காரர் அல்லாதாரும் சேரட்டும் என்பதற்காக, ஐயா” என்றான். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனினும் பெருஞ்செல்வரும் கை கொடுத்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் தாம் ஒருவராகவே 8,000 பங்குகளை வாங்கி 2 இலட்ச ரூபாய் தந்தார். மொத்த மூலதனத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் இக்கம்பெனிக்கு ஆதரவு திரட்டினார்.

கம்பெனியின் குறிக்கோள்களாக வகுக்கப்பட்டவையே இன்றைய பேச்சின் நடுப்பொருள். எந்தக் கப்பற் கம்பெனியும் முதலில் எழுதுவதையே இவர்களும் முதலில் எழுதினார்கள்: தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலும் பிற துறைமுகங்களுக்கும் குறைந்த செலவில், விரைவாகப் போய்வரக் கப்பல்கள் விடுவது. ஆனால் அதனோடு நிறுத்தவில்லை. இந்தியரிடையேயும் இலங்கையரிடையேயும் ஆசியாவின் பிற மக்களிடையேயும் கடலோடும் கலையைப் பரப்புவது, அதன் ஊதியம் அவர்களுக்கே சேரச் செய்வது, கப்பல் செலுத்தவும் கப்பல் கட்டவும் நம் மாணவரைப் பழக்குவது, அதற்கான கல்வியை முறையாகப் புகட்டுவது, கப்பல் கட்டும் தளங்களை அமைப்பது ஆகியனவும் அவ்விதிகளில் இடம்பெற்றன.

சொந்தமாக ஒரு கப்பலேனும் வாங்கும் முன்பே கப்பல் கட்டும் தளத்தைப் பற்றி எழுதியவர்கள் இவர்கள்! வீண் ஆரவாரம் என்று நகைப்பார் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கப்பலை விலைக்கு வாங்கிவிடலாம். மாலுமியையும் பொறியாளரையும் வாடகைக்கு அமர்த்திவிடலாம். ஆனால் அவர்கள் விலகிக்கொண்ட அன்றே கப்பல் நின்றுவிடும். அறிவு நம்மிடம் இல்லாதவரை உடைமை நம்முடையதாகாது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் கழித்தவன் ஆதலால், வணிகக் கம்பெனி ஒன்று தன் விதிகளில் மாணவர் என்னும் சொல்லை எழுதியதைப் பார்க்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாவதை மறைக்க விரும்பவில்லை.

பங்கு வாங்கும் உரிமை ஆசிய நாட்டினருக்கே என்பது மற்றொரு விதி. இதனைக் குறுகிய நோக்கம் என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடலாகாது. பணபலம் உள்ள எதிரி, பங்குகளையே வாங்கிக் கம்பெனியை உள்ளிருந்து விழுங்கிவிடக் கூடும். அதற்கு இட்ட வேலி இது என்பது என் கருத்து. அதே வேளையில், தமிழர்க்கு மட்டும் என்றோ, இந்தியர்க்கு மட்டும் என்றோ அவர்கள் எழுதவில்லை. இலங்கையரையும் பிற ஆசியரையும் சேர்த்தே எழுதினார்கள். அக்கரையில் வாழ்வோரின் நல்லெண்ணம் இன்றிக் கடல்வழி வணிகம் ஏது?

தொடக்கத்தில் பம்பாயைச் சேர்ந்த ஷாலைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். ஆங்கிலக் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகை முறிந்தது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குக் கொண்டுவந்து ஒருவாறு சமாளித்தார் சிதம்பரனார். பின்னர் வடக்கே சென்று பெருமுயற்சி செய்தார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனியின் உடைமையாயின.

பின்னர் நடந்தது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது என்றும், சுதேசிக் கம்பெனி அதனை எட்டணாவாக்கியது என்றும், முடிவில் வெள்ளையர் கப்பலில் ஏறுவோர்க்குக் கட்டணமில்லாப் பயணமும் அதற்குமேல் ஒரு குடையும் இனாமாகத் தர முன்வந்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்வர். குடைக் கதையைக் கேட்டு மாணவர் சிரிப்பார்கள். ஆனால் அதன் உள்ளே இருப்பது சிரிப்புக்குரியதன்று. நீராவிக் கப்பல் நிறைந்து சென்றாலும் வெறுமையாகச் சென்றாலும் கரிச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான், சம்பளமும் ஒன்றுதான். பல கடல்வழிகளில் வருவாய் உள்ளவன் ஒரு வழியில் நட்டத்தைத் தாங்குவான். இரண்டே கப்பல்களை வைத்துக்கொண்டு ஒரே வழியை நம்பியிருப்பவன் எத்தனை மாதம் தாங்குவான்? இலவசப் பயணத்தை மறுத்து, எட்டணாக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை எந்த வரலாற்று நூலும் குறித்து வைக்கவில்லை.

கம்பெனியின் செயலாளர் அரசியல் மேடையிலும் நின்றார். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணையாய் நின்று வெற்றி பெறச் செய்தவர்கள் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட முற்பட்டதைத் தொடர்ந்து மார்ச்சு 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அந்த எழுச்சியைப் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து எழுதிய நூல் 2024-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. கல்லூரி மாணவர் தவறாமல் படிக்க வேண்டும். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அது பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது.

அரசியலை விட்டு வணிகத்தை மட்டும் கவனித்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்குமே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பங்குதாரரின் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் அப்பணத்தை இடருக்கு உட்படுத்தலாமா என்னும் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 25 ரூபாய் கொடுத்த எளியவனுக்கு அது சிறுதொகையன்று. ஆயினும் ஒன்று கருத வேண்டும். அந்த எளியவன் ஆதாயப் பங்கை மட்டும் எண்ணிப் பணம் கொடுத்தவன் அல்லன். சுதேசியம் என்னும் சொல்லே அவனிடமிருந்து பணத்தை வருவித்தது. அச்சொல்லே கப்பலுக்குப் பயணிகளையும் சேர்த்தது. அரசியலை நீக்கிவிட்டால் எஞ்சுவது, பெரிய கம்பெனியின் பக்கத்தில் ஒரு சிறிய கம்பெனி. குடை தருகிறவனை விட்டு அதனிடம் ஒருவன் ஏன் வருவான்? கம்பெனியைத் தோற்றுவித்த நோக்கமும் அதனை வீழ்த்திய காரணமும் ஒன்றே என்பதுதான் இவ்வரலாற்றின் கடினமான முடிச்சு. அதனை நான் அவிழ்த்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் சிதம்பரனார் சிறையிலிருந்து வெளிவந்தபோது கப்பல்களும் இல்லை, வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை. அவ்வுரிமையைப் பல ஆண்டுகளுக்குப் பின் மீட்டுக் கொடுத்தவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவர் செய்த செயல் இது.

கம்பெனி அழிந்தாலும் அதன் விதிகளில் எழுதியவை வேறு கைகளுக்குச் சென்றன. பம்பாயில் வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் சேர்ந்து சிந்தியா கப்பற் கம்பெனியை நிறுவினர். 1919 ஏப்ரல் 5-ஆம் நாள் அதன் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளையே தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். அவர்களும் கட்டணப் போரைச் சந்தித்தார்கள்; ஆனால் தாக்குப்பிடிக்கப் போதிய முதல் அவர்களிடம் இருந்தது. விசாகப்பட்டினத்தில் அக்கம்பெனி அமைத்த தளத்திற்கு 1941-இல் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே கட்டிய ஜல உஷா என்னும் கப்பலை 1948 மார்ச்சு 14-ஆம் நாள் பிரதமர் நேரு கடலில் இறக்கிவைத்தார். கப்பல் கட்டும் தளங்களை அமைப்பது என்று தூத்துக்குடியில் எழுதி அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாறு எழுதிய சிதம்பரனார் மறைந்தும் 11 ஆண்டுகள் கடந்திருந்தன.