தூரிகை தொட்ட நெகட்டிவ்

கட்டடப் படத்தில் வெளுத்துப்போன வானத்தைச் சரிசெய்வதும் இருண்ட மண்டபத்தைத் துலக்குவதும் கம்ப்யூட்டரோடு வந்த பழக்கம், அதற்கு முன் கேமரா கண்டதைக் கண்டபடியே காட்டியது என்று ஒரு நம்பிக்கை உண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1851இல் பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் பழைய கட்டடங்களைப் பதிவுசெய்ய ஐந்து புகைப்படக்காரர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான எடுவார்ட் பால்டஸ், ஆர்ல் நகரத்து சேன் த்ரோஃபீம் தேவாலயத்தின் தூண் தாழ்வாரத்தைப் பல தாள் நெகட்டிவ்களின் துண்டுகளை ஒட்டியே ஒரு படமாக்கினார். தாழ்வாரத்துக்குள் நிழல், முற்றத்தில் வெயில். வெயிலுக்குப் போதுமான நேரம் நிழலுக்குப் போதாது. நிழலுக்குக் காத்திருந்தால் வெயில் பட்ட இடமெல்லாம் விவரமின்றி வெளுத்துவிடும். இன்று பல எக்ஸ்போஷர்களைக் கணினியில் இணைப்பவர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுதான்.

குறை அந்தக் காலத்து ரசாயனத்தில் இருந்தது. அன்றைய நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டும் மிகக் கூர்மையாக இருந்ததால், கல் பதிவதற்குள் வானம் அளவுமீறிப் பதிந்துவிடும். பிரிண்ட்டில் அது வெற்றுத்தாளாகவோ திட்டுத்திட்டாகவோ தெரியும். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் திருவரங்கத்தையும் படமெடுத்தது இத்தகைய மெழுகுத்தாள் நெகட்டிவ்களில்தான். நெகட்டிவில் நிறம் பூசிய இடம் ஒளியைத் தடுக்கும். பிரிண்ட்டில் அந்த இடம் வெளுக்கும். டிரைப் தூரிகையால் அந்தப் பூச்சைக் கூட்டியும் குறைத்தும் வானத்தில் மேகம் வரைந்தார், இலைகளுக்கு ஒளி கொடுத்தார். பிற்காலத்து ஸ்டூடியோக்கள் ‘டச்சப்’ என்று அழைத்த வேலை, அப்போதே கோயில் படங்களில் நடந்துவிட்டது.

அரசு ஆவணத்தில் இல்லாத மேகத்தை வரைவது பொய்யில்லையா என்று கேட்கலாம். அன்றைய வானிலையை அறிய அந்தப் படத்தை நாடுபவருக்கு அது பொய்தான். ஆனால் தொடாத பிரிண்ட்டும் மெய் சொல்லவில்லை: எந்த ஊர் வானமும் வெற்றுத்தாள் போல இருப்பதில்லை. படம் எதற்குச் சாட்சி சொல்ல வந்ததோ அதை வைத்தே திருத்தத்தை எடைபோட வேண்டும். டிரைப் கோபுரத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவர். மேகம் அதில் ஒரு நிலையையும் கூட்டவில்லை. அப்படியானால் கூடுதலாக ஒரு தூணை வரையவும் இந்த வாதம் வழிவிடாதா என்றால், விடாது. தூண் அந்தச் சாட்சியத்தின் உள்ளடக்கம். அதைத் தொட்டால் படம் ஆவணம் என்ற தகுதியை இழக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் பதிவுசெய்த விதம் இதற்குச் சான்று. கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 பிரிண்ட்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். எங்கே நின்றாலும் ஒரு பார்வையில் அடங்காத காட்சி அது. இருந்தும் அவர் படங்களில் ஆராய்ச்சிக்கு மிகவும் உதவக்கூடியது அதுவே, ஏனென்றால் இணைப்பு வேலை எழுத்தைப் படிக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டது. இதையெல்லாம் வீண் ஆடம்பரமாகக் கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் அந்தப் பணியை நிறுத்தச் சொன்னார். எஞ்சிய நெகட்டிவ்களிலோ தூரிகைத் தடம் இன்றும் தெரிகிறது. எது ஒளி எழுதியது, எது கை எழுதியது என்று பிரித்தறிய முடிகிறது. மூலக் கோப்பின் மீதே திருத்தத்தைச் சேமித்துவிடும் இன்றைய பழக்கம் அந்த வாய்ப்பை அழிக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது திருத்தத்துக்குத் தடையை அன்று. திருத்தாத மூலத்தையும் உடன் காக்க வேண்டும் என்ற விதியை.