கோப்பிக் கொட்டை கல்முனைக்கு வந்த கதை

கல்முனைக் கடைத்தெருவில் பொட்டலமாக விற்கும் கோப்பித்தூள் இந்தக் கரையில் விளைந்ததல்ல. நம் பக்கம் நெல்லும் தென்னையும்தான். கோப்பி மலைநாட்டிலிருந்து இறங்கி வரவேண்டும். கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பலாவும் கமுகும் நிழல் தர, மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்க, வேலியோரம் சில கோப்பிச் செடிகள் நிற்கும். அதுதான் நம் கோப்பித்தூளின் தாய்வீடு.

இந்தச் செடியை அரபு வணிகர் யெமனிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பார்கள். மலைக் கிராமத்தவர் நெடுங்காலம் அதைக் குடிக்கவில்லை. இலையைக் கறிக்குச் சேர்த்தார்கள், பூவை விகாரையில் வைத்தார்கள். கொட்டையை வாங்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் சோனக வியாபாரிகள். அவர்களின் தவளத்தில், அதாவது பொதிமாட்டு வரிசையில், உப்பும் கருவாடும் மலையேறும். பாக்கும் பிற விளைச்சலும் கீழே இறங்கும். நம் முன்னோர் இந்தக் கதைக்குப் புதியவர்கள் அல்லர்.

பிறகு வெள்ளைக்காரர் காட்டை அழித்துக் கோப்பியை மட்டுமே நட்டார்கள். அதற்காகத் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள்; காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1870களில் கோப்பி இரண்டரை லட்சம் ஏக்கரைத் தொட்டது. அதற்குச் சற்று முன், 1869இல், மடுல்சீமையில் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்திருந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. 1880இல் அதை ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், மலை மலையாக ஒரே பயிர் இருந்ததே காற்றில் அது பரவ வசதியானது என்று கண்டார். கோப்பி அழிய, இருபது வருடத்துக்குள் அந்த மலைகளில் தேயிலை ஏறிவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோப்பி தப்பியது.

இப்போது ‘ஸ்பெஷாலிட்டி’ என்று பேசப்படும் கோப்பி, ருசி பார்ப்பவர்கள் 100க்கு 80 புள்ளியாவது கொடுக்கும் கோப்பி. அதற்கு வேண்டிய வேலையோ சாதாரணமானது. வழக்கத்தில் வீட்டுத் தோட்டக்காரர்கள் காயும் பழமுமாக ஒரே உருவலாக உருவி, தார் ரோட்டில் காயப் போடுவார்கள். குரங்கும் கள்ளனும் முந்திவிடுவார்கள் என்ற பயம், கைச்செலவுக்கு அவசரம். குறைசொல்ல முடியாது. சிவந்த பழத்தை மட்டும் அன்றன்றே காசு கொடுத்து வாங்க ஒருவர் வந்தால் அந்த அவசரம் போய்விடும். பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் சோடை மிதக்கும். அதை அள்ளியெறிந்து, தோல் நீக்கி, புளிக்கவிட்டுக் கழுவி, வலைத் தட்டில் உயர்த்திக் காயவைப்பார்கள். ஈரம் 11 சதவீதமளவுக்கு இறங்க வேண்டும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் போகும். எல்லாப் பழமும் ஒருநாளில் பழுக்காது. அதனால் சில மாதங்களுக்குக் காசும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பலாவையும் மிளகையும் வெட்டவும் வேண்டியதில்லை.

கொட்டை மகியங்கனைக்குப் பதினெட்டு வளைவுப் பாதையில் இறங்கி, பதியத்தலாவை, அம்பாறை தாண்டி நம் குசினிக்கு வந்ததும் கதை மாறுகிறது. உம்மாமார் அதைத் தாச்சியில் கருக வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து உரலில் இடிப்பார்கள். அத்தனை வறுவலுக்கும் மல்லி வாசத்துக்கும் பிறகு பூவாசம், பழப்புளிப்பு என்று நிபுணர்கள் தேடும் எதுவும் மிஞ்சாது. ஆனால் பூஞ்சணம் பிடித்த கொட்டை எத்தனை வறுத்தாலும் நாக்கில் மண்வாடையாகத் தெரியும். ஆகவே 80 புள்ளிக் கோப்பி ஹோட்டல்காரருக்கே போகட்டும். நம் கடைக்காரக் காக்காமார் மலையில் கேட்க வேண்டியது சிவப்பில் பறித்து, மண் படாமல் காயவைத்த கொட்டை. கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.