கரம்பை வண்டி

இளையரசனேந்தல் என்ற பெயரின் பிற்பாதி ஒரு நீர்நிலை. ஏந்தல் என்றால் மழைத்தண்ணீரை ஏந்தி வைக்கும் குளம். சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பிரித்துக் கோவில்பட்டி வட்டத்தில் சேர்த்த பிறகும் பெயரில் அந்தக் குளம் நிற்கிறது. போய்ச் சேர்ந்தது, கோடையில் இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குள் இறங்கி மண் ஏற்றிப் பிஞ்சைக்குப் போன கரம்பை வண்டி.

அது செத்த நாள் இன்னதென்று சொல்ல முடியாது. வருசா வருசம் வண்டி குறைந்தது. ஒரு சித்திரையில் ஒன்றுகூட வரவில்லை. அப்போது யாரும் அழவில்லை என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

கண்மாய் வற்றியதும் உள்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கடப்பாரையால் பெயர்த்து, மம்பட்டியால் கொத்தி, கூடையில் சுமந்து வண்டியில் தட்டுவார்கள். பாரத்தோடு கரையேற மாடுகள் முழங்கால் மடக்கித் திணறும். ஆட்கள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். பிஞ்சையில் சிறு சிறு குவியலாகக் கொட்டி, கோடைமழை விழுந்ததும் பரத்தி உழுதுவிடுவார்கள். கரம்பை அடிக்கிறது என்று இதற்குப் பெயர்.

அந்த மண் கண்மாய்க்கு எப்படி வந்தது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

அது சுற்றியுள்ள கரிசலிலிருந்து வந்த மண். தக்காணத்துக் கரிசல் எரிமலைப் பாறையில் பிறந்தது. நம் கரிசலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் நைஸ் என்னும் பழம்பாறை. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, சமதரை, நீண்ட வெயில். பாறை உதிர்ந்தபோது வெளிப்பட்ட சுண்ணாம்பும் உப்புகளும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கின. அந்தச் சூழலில்தான் தண்ணீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களி உண்டாகும். ஓர் அங்குல மேல்மண் சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

பாடப்புத்தகம் மண்ணை அடுக்கடுக்காக வரைந்து காட்டும்: மேலே மக்கு கலந்த மண், அடுத்து களி இறங்கித் தங்கிய அடிமண், அதற்கும் கீழே உதிர்ந்த பாறை. கரிசல் அந்தப் படத்துக்கு அவ்வளவாக அடங்காது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மேல்மண் பொடிந்து அதற்குள் விழும். மழையில் உள்ளே விழுந்தது உப்பி, பக்கத்து மண்ணை நெம்பி மேலே தள்ளும். தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் இது. ஆழத்தில் மட்டும் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டி வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

முதல் மழையை வெடிப்புகள் குடித்துவிடும். களி உப்பி வெடிப்பு மூடியதும் தண்ணீருக்கு இறங்க வழியில்லை. ஐப்பசி அடைமழை மேலாகவே ஓடும். முதலில் ஏடுபோல மேல்தோலை உரிக்கும், பிறகு கோடு கிழிக்கும், கோடு ஓடையாகும். மணலும் சரளையும் வழியில் நின்றுவிட, மிக மெல்லிய களியும் மக்கும் நெடுந்தூரம் மிதந்து கண்மாயில் படியும். ஆக, பிஞ்சை இழந்தவற்றில் மிகச் சத்தானதே கரம்பை. நம் ஆட்கள் அதைக் கூடை கூடையாக வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்தார்கள்.

கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே உழுவதும், சிறு சிறு பாத்தியாக வரப்புக் கட்டி மழையை நிறுத்துவதும் மானாவாரிக்கு அறிஞர்கள் சொல்லும் வழிகள். இவை மண் போகாமல் தடுக்கும்; போனதை மீட்டுக் கொண்டுவர வண்டி ஒன்றுதான் இருந்தது.

வண்டியைக் கொன்றது எது? டிராக்டர் வந்ததும் மாடுகள் போயின. உர மூட்டை கைக்கு எளிதாக வந்தது. இரண்டையும் நான் பெரிதாகக் குற்றம் சொல்லமாட்டேன். வெயிலில் மண் சுமந்த பெண்களின் தோளுக்கு ஓய்வு வேண்டியிருந்தது. கண்மாய் ஊர்ச் சொத்து என்ற நினைப்பு அற்றுப்போனதுதான் பெரிய காரணம். மராமத்து ஊராரின் கையை விட்டுப் போக, உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறியது. மண்ணெடுக்க மனுப் போட வேண்டிய நிலை வந்தது.

2017-ல் விவசாயிகள் வண்டலை விலையின்றி எடுக்க அரசு வழிவிட்டது. மனமார வரவேற்றேன். ஆனால் மண்ணள்ளும் இயந்திரத்தின் வாய்க்குக் கரம்பை முடியும் இடம் தெரியாது. ஒரே அள்ளலில் கீழிருக்கும் சுக்கானும் சேர்ந்து வரும். மம்பட்டிக்காரர், வெட்டு விழும் ஓசை மாறியதுமே நிறுத்தி, நாலடி தள்ளிப்போய் வேறிடத்தில் கொத்துவார்.

கரையில் வண்டிகள் ஏறி ஏறித் தேய்ந்த பள்ளம் ஒன்றை இப்போதும் பார்க்கலாம். அதன் இரு பக்கமும் கருவேலம் கவிந்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்து மண்ணும் கரைந்து கண்மாய்க்குள்தான் இறங்குகிறது.