தடுப்பவர் கோலடிப்பவரான வரலாறு: சென்னை ஹாஃப் பேக் முதல் ஜெர்மானிய டிராக் ஃபிளிக்கர் வரை

முன்னுரை

2025 டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்து முடிந்த ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியில் 24 நாடுகள் ஆடின. அரையிறுதியில் இந்தியாவை 5-1 என வென்ற ஜெர்மனி, இறுதியில் ஸ்பெயினை ஷூட்-அவுட்டில் வீழ்த்தி எட்டாவது முறையாகக் கோப்பையை எடுத்துச் சென்றது. போட்டியை நடத்திய மாநிலத்துக்கும் ஹாக்கியில் நீண்ட மரபு உண்டு. 1968 முதல் 2000 வரை கிருஷ்ணமூர்த்தி பெருமாள், வாசுதேவன் பாஸ்கரன், முகமது ரியாஸ் எனச் சென்னையின் ஹாஃப் பேக்குகள் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார்கள். அதன் பிறகு இந்திய ஒலிம்பிக் அணியின் பின்களத்தில் தமிழ்நாட்டில் உருவான வீரர் எவரும் இல்லை.

இந்த இடைவெளியைத் திறமைக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பின்கள வீரரின் வேலையே அடியோடு மாறியிருக்கிறது. அந்த மாற்றம் தரையில் தொடங்கி, விதிகளுக்குப் பரவி, கடைசியில் பிழைப்பு முறையையும் மாற்றியது. பாஸ்கரனின் வாழ்க்கையையும், ஜெர்மனிக்கு ஆடிய பின்கள வீரர் கோன்சாலோ பெய்லாட்டின் வாழ்க்கையையும் அருகருகே வைத்து அந்த மாற்றத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண் தரைக் காலத்துப் பின்களம்

பழைய ஹாக்கியின் அணிவகுப்பு எளிமையானது: முன்னே ஐந்து ஃபார்வர்டுகள், நடுவே மூன்று ஹாஃப் பேக்குகள், பின்னே இரண்டு ஃபுல் பேக்குகள், கடைசியில் கோல்கீப்பர். ஃபுல் பேக்கின் கடமை பந்தைப் பறித்து நெடுந்தொலைவு அடித்து அனுப்புவது. ஹாஃப் பேக்குக்கு இரட்டை வேலை. எதிரணியின் ஃபார்வர்டை மறிக்கவும் வேண்டும், பறித்த பந்தைத் தன் ஃபார்வர்டின் மட்டையில் சேர்க்கவும் வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல் அடித்தது. வாங்கியது ஒன்றே ஒன்று. அந்த ஒரு கோலும் 8-1 என முடிந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி அடித்தது. தியான் சந்தின் கோல்களைப் பேசும் வரலாறு, அந்த ஒற்றை இலக்கத்துக்குப் பின்னால் நின்றவர்களை அவ்வளவாகப் பேசுவதில்லை.

மண்ணிலும் இயற்கைப் புல்லிலும் பந்து ஒரே சீராக உருளாது. சிறு கல்லில் பட்டால் எகிறும், ஈர மண்ணில் தயங்கும். ஆகவே எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, பந்து வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்பவரே நல்ல ஹாஃப் பேக். ஓட்ட வேகத்தைவிடக் கணிப்புக்கு மதிப்பு இருந்த காலம் அது. சென்னையின் லீக் ஆட்டங்கள் வளர்த்தது இந்தக் கணிப்பைத்தான். எழும்பூர் மைதானமும், எம்.சி.சி.-முருகப்பா தங்கக் கோப்பை போன்ற போட்டிகளும், வங்கிகளும் அரசுத் துறைகளும் நடத்திய அணிகளும் அதற்குத் தளமாயின.

கிருஷ்ணமூர்த்தி பெருமாள் இந்தப் பள்ளியில் வந்தவர். 1968 மெக்சிகோவிலும் 1972 மியூனிக்கிலும் வெண்கலம் வென்ற அணிகளில் அவர் இருந்தார். 1971-க்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். மெக்சிகோவில் இந்தியா 2-1 என வென்று வெண்கலத்தைப் பறித்தது மேற்கு ஜெர்மனியிடமிருந்து. நான்கு ஆண்டுகள் கழித்து, தன் சொந்த மண்ணான மியூனிக்கில், அதே மேற்கு ஜெர்மனி பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கம் எடுத்தது. அந்த ஒரு கோலை மிக்கேல் கிராவுசே ஒரு பெனால்டி கார்னரில் அடித்தார். ஓடிவந்து அடிக்கும் ஃபீல்டு கோலை நம்பியிருந்த ஆசிய ஹாக்கிக்கு அது முன்னறிவிப்பு. அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு.

பாஸ்கரன்: இரண்டு தரைகளுக்கு இடையே

1950-இல் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன், சென்னை லயோலா கல்லூரி மாணவர். அவருடைய முதல் ஒலிம்பிக் 1976 மாண்ட்ரியல். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்லில் ஆடப்பட்டதும் அங்கேதான். ஆஸ்திரேலியாவிடம் 1-6 எனத் தோற்ற இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. 1928-இல் முதன்முதலாக ஆடியது முதல் அதுவரை இந்தியா பதக்கமின்றித் திரும்பிய ஒலிம்பிக் இல்லை.

அந்தச் சரிவில் பெரிதும் சோதிக்கப்பட்டவர்கள் பின்களத்தினர். செயற்கைப் புல்லில் பந்து வேகமாகவும் நேராகவும் உருளும். தரை குறுக்கிடாததால் ஃபார்வர்டுக்குப் பந்து தவறுவது அரிது. தடுப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிவிடும். நின்று கணிப்பது போதாது, குனிந்தபடியே ஓடி மறிக்க வேண்டும். மண்ணில் பதினைந்து ஆண்டு பழகிய உடலுக்கு இது புதுப் பாடம்.

1980 மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் இந்தியா எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றது. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0, சோவியத் அணியை 4-2 என வென்று, போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 எனச் சமன் செய்து, இறுதியில் ஸ்பெயினை 4-3 என முந்தியது. மேற்கு ஜெர்மனி, பாகிஸ்தான், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய அணிகள் இல்லாத ஆறு அணிப் போட்டி அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் முன்னிலை பெற்ற பின்னும், ஸ்பெயினின் குவான் அமாட் தனியொருவராக மூன்று கோல் அடித்து இந்தியப் பின்களத்தைத் திணறடித்தார். தங்கத்தின் பளபளப்பில் இந்த ஓட்டை தெரியாமல் போயிற்று. பாஸ்கரனுக்கு 1981-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாஸ்கோவுக்குப் பிறகு 41 ஆண்டுகள் இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கத்தைத் தொடவில்லை.

பயிற்சியாளராகவும் அவர் இந்த மாற்றத்தின் விளைவைச் சந்தித்தார். 2000 சிட்னியில் போலந்துக்கு எதிராக முன்னிலையில் இருந்த அவருடைய அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கி 1-1 எனச் சமன் ஆக, அரையிறுதி வாய்ப்பு நழுவியது. முகமது ரியாஸ் ஆடிய இரண்டாவது ஒலிம்பிக் அது. 2006-இல் ஜெர்மனியின் மன்சென்கிளாட்பாக் நகரில் நடந்த உலகக் கோப்பையில் பாஸ்கரனின் அணி 11-ஆம் இடம் பெற்றது. கோப்பை ஜெர்மனிக்குப் போனது.

விதிகள் மாற்றிய வேலை

தரைக்கு அடுத்து விதிகள் மாறின. தொண்ணூறுகளில் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டது. அதுவரை மேலேறி வந்து எதிரணி ஃபார்வர்டை ஆஃப்சைடில் சிக்கவைப்பது தடுப்பவரின் கைவசமிருந்த உத்தி. அது போனதும் களத்தின் நீளம் முழுவதையும் அவரே காக்க நேர்ந்தது. கணக்கில்லாமல் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியும் வந்தது. 70 நிமிடமும் மூச்சைப் பங்கிட்டு ஆடிய பழைய ஹாஃப் பேக்குக்குப் பதிலாக, சில நிமிடம் முழு வேகத்தில் ஓடி வெளியேறி மீண்டும் வருபவர் தேவைப்பட்டார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் பெனால்டி கார்னரில் நேர்ந்தது. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, எல்லைக் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். கோலுக்கு முன்னுள்ள அரைவட்டமான 'டி'க்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் பந்தைத் தன் மட்டையின் அடிப்பகுதியில் ஏந்தி, இடுப்பையும் தோளையும் திருப்பி, அடிக்காமல் இழுத்தெறிவார். இதுதான் டிராக் ஃபிளிக். ஓங்கி அடிக்கும் பந்து கோலின் அடிப்பலகை உயரத்துக்கு மேலே போனால் கோல் கிடையாது. இழுத்தெறியும் பந்துக்கு அந்தத் தடை இல்லை. 2.14 மீட்டர் உயரக் கோலின் எந்த மூலைக்கும் அதை அனுப்பலாம். எதிரே கோல்கீப்பரோடு நிற்பவர்கள் மொத்தம் ஐந்து பேர். அவர்களில் முதலில் பாய்ந்து ஃபிளிக்கரின் மட்டையை நோக்கியே ஓடுபவர் ஃபர்ஸ்ட் ரஷர். பந்து முழங்காலில் படலாம், முகத்திலும் படலாம். முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஓடுவார்.

ஆக இன்றைய பின்கள வீரருக்கு இரண்டு புதுத் தொழில்கள்: இழுத்தெறிந்து கோலடிப்பது, பாய்ந்து அதைத் தடுப்பது. இரண்டும் செயற்கைப் புல்லில் நாள்தோறும் செய்தால்தான் கைவரும். மண்ணில் டிராக் ஃபிளிக் பழகினால் பந்து மட்டையை விட்டு நழுவும்.

பெய்லாட்: தொழில்முறைத் தடுப்பவர்

கோன்சாலோ பெய்லாட் 1992-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் பிறந்தவர். 2014 உலகக் கோப்பையில் 10 கோல், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 11 கோல் என இரண்டிலும் அதிக கோல் அடித்தவர், ஒரு பின்கள வீரர்! ரியோ அரையிறுதியில் ஜெர்மனியை அர்ஜென்டினா 5-2 என வென்றபோது மூன்று கோல் அவருடையவை. பிறகு அர்ஜென்டினா அணியிலிருந்து விலகி, ஜெர்மன் புண்டஸ்லிகாவில் மன்ஹைம் கிளப்புக்கு ஆடிவந்தவர், 2022-இல் ஜெர்மனியின் சீருடை அணிந்தார். 2023 புவனேஸ்வர் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல், இறுதியிலும் ஒரு கோல் அடித்தார்; ஜெர்மனி உலகச் சாம்பியனானது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதி இக்கட்டுரையின் வாதத்துக்கு நேரடிச் சான்று. காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய அமித் ரோகிதாஸால் அந்த ஆட்டத்தில் ஆட முடியவில்லை. இந்தியாவின் முதன்மை ஃபர்ஸ்ட் ரஷர் அவர்தான். முதலில் இந்தியாவே கோலடித்தது. 18-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் பெய்லாட் சமன் செய்தார். ஆட்டம் 3-2 என ஜெர்மனி பக்கம் போனது. ஒரு பின்கள வீரர் ஆடினார், இன்னொரு பின்கள வீரர் ஆடவில்லை. முடிவில் இரண்டுக்குமே பங்கு இருந்தது.

பிழைப்பு முறையும் மாறிவிட்டது. பாஸ்கரன் தலைமுறைக்கு ஹாக்கி என்பது வேலைவாய்ப்பு. துறை அணியில் சேர்ந்தால் ஓய்வு வரை சம்பளம். பெய்லாட்டுக்கு அது ஒப்பந்தம். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஹைதராபாத் தூஃபான்ஸ் அவரை 68 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்தில் வெளிநாட்டவருக்குப் போன உச்ச விலை அது. ஒட்டுமொத்த உச்ச விலையான 78 லட்சமும் ஒரு பின்கள வீரருக்கே: பாரிஸில் 10 கோல் அடித்த ஹர்மன்பிரீத் சிங். சந்தை எதை மதிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் இன்றைய நிலை

அதே ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் டிராக் ஃபிளிக்கர் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், ஒடிசாவின் அமித் ரோகிதாஸை 48 லட்சத்துக்கும் வாங்கியது. ஃபிளிக்கரும் ரஷரும் வெளியிலிருந்து வந்தார்கள். அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து இந்தியச் சீருடை அணிந்த அரியலூர் செல்வம் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் ஃபார்வர்டுகள்.

இது தற்செயல் அல்ல. வேகமும் பந்தைக் கடத்தும் கைநயமும் உள்ள சிறுவன் எந்தத் தரையிலும் ஃபார்வர்டாக வளர முடியும். டிராக் ஃபிளிக்கர் அப்படி வளர முடியாது. சென்னைக்கு 190 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில், பள்ளித் திடலின் மண்ணில் மட்டையைப் பிடிக்கும் மாணவர் ஹாஃப் பேக்காக நிற்கக் கற்கலாம். 1968-இன் ஹாஃப் பேக்காக. இன்று தேர்வாளர்கள் தேடுவது வேறு ஆளை.

முடிவுரை

தமிழ்நாட்டுப் பின்கள மரபு தேய்ந்தது ஆட்டம் அறியாததால் அல்ல. தரை மாறியபின் தரை எட்டாததால். முழு அளவுச் செயற்கைப் புல் களம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அதை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உடனே கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் பெனால்டி கார்னர் பயிற்சிக்கு முழுக் களம் தேவையில்லை. 'டி'யின் ஆரம் 14.63 மீட்டர்தான்; அந்த அளவுக்கு ஒரு செயற்கைப் புல் துண்டும், ஒரு கோலும், தண்ணீர் வசதியும் இருந்தால் ஃபிளிக்கரையும் ரஷரையும் அங்கேயே உருவாக்கலாம். ஜூனியர் உலகக் கோப்பையை நடத்திக்காட்டிய மாநில அரசும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், அடுத்த செலவைத் திருவண்ணாமலை போன்ற மாவட்டத் திடல்களில் இந்தச் சிறு அளவிலிருந்து தொடங்க வேண்டும்.