கியர்ப்பெட்டி உணரிப் பழுது

கியர்ப்பெட்டி உணரிப் பழுது என்பது, தானியங்கிக் காரில் கியர் மாற்றும் கணினிக்கு வேகம், எண்ணெய் வெப்பம், நெம்புகோலின் நிலை ஆகியவற்றைத் தெரிவிக்கும் உணரிகளிலோ அவற்றின் ஒயரிலோ ஏற்படும் கோளாறு. பட்டறைகளில் இது ‘கியர்பாக்ஸ் சென்சார் கம்ப்ளெயின்ட்’. பழுது தெரிந்ததும் கணினி பாதுகாப்புக்காகப் பெட்டியை ஏதோ ஒரு கியரில், பெரும்பாலும் மூன்றாவதில், நிறுத்திவிடும்.

வரலாறு

ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் வெளியிட்ட ஹைட்ராமேட்டிக் பெட்டியில் மின் உணரியே கிடையாது. வேகத்தை உணரும் வேலையைக் கவர்னர் என்ற இயந்திர அமைப்பு செய்தது. வெளியீட்டுத் தண்டோடு சுழலும் எடைகள் வேகம் கூடக்கூட விரிந்து எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும். அந்த அழுத்தம் வால்வை ஒருபுறம் தள்ள, ஆக்சிலேட்டரைச் சார்ந்த அழுத்தம் மறுபுறம் தள்ளும். வென்ற பக்கத்துக்கு ஏற்பக் கியர் மாறும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு பின்னால் வந்த மின்னணுப் பெட்டிகள் எதிலும் இல்லை.

மின்னணுக் கட்டுப்பாடு 1969இல் ரெனோ 16 டிஏ காரில் வந்தது. 1989இல் ஃபெராரி 640 பந்தயக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னிருந்த துடுப்புகளால் கியர் மாற்றினார்கள். அதன் மின்னணுவியல் மாக்னெட்டி மாரெல்லியுடையது. அதே நிறுவனத்தின் சாதனம் 2014இல் மாருதி செலெரியோவில் ஏறி, ஏஎம்டி என்ற பெயரில் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஏஎம்டி முழுத் தானியங்கி அல்ல. சாதாரணக் கியர்ப்பெட்டிக்கும் கிளட்சுக்கும் பொருத்திய இயந்திரக் கைதான்.

வகைகள்

வேக உணரிகள் பெரும்பாலும் இருவகை. ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டலில் இயங்குவது இரண்டு ஒயர் உணரி. பற்சக்கரம் சுழல, அதன் சுருளில் மாறுமின்னழுத்தம் பிறக்கும். எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவில் இயங்குவது பெரும்பாலும் மூன்று ஒயர் கொண்டது: சப்ளை, எர்த், சிக்னல். முதலாவதன் சுருளை மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்க்கலாம். இரண்டாவதை அப்படி அளப்பது வீண். சப்ளையும் சிக்னலும் வருகின்றனவா என்றே பார்க்க வேண்டும்.

கண்டறிதல்

டாஷ்போர்டுக்குக் கீழுள்ள 16 முனைச் செருகியில் ஸ்கேனர் மாட்டினால் குறியீடு வரும். பி0715 உள்ளீட்டு வேக உணரியையும், பி0720 வெளியீட்டு வேக உணரியையும், பி0705 நெம்புகோல் நிலை உணரியையும் குறிக்கும். பி0700 பொதுவான எச்சரிக்கை மட்டுமே. குறியீடு காட்டுவது அந்த உணரியின் மின்சுற்றை. உணரியே கெட்டது என்று அது சொல்லவில்லை. குறியீட்டைப் பார்த்ததும் உணரியை வாங்கி மாட்டுவது காசுக்குக் கேடு.

ஓடும்போது வரும் அளவுகளே தெளிவு தரும். 1:1 விகிதமுள்ள நேர் கியரில் உள்ளேயும் வெளியேயும் ஒரே சுழற்சி வர வேண்டும். கார் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே 2000, வெளியே 0 என்று காட்டினால் வெளியீட்டு உணரியின் சுற்றில்தான் கோளாறு. உள்ளே 2000, வெளியே 1700 என்றால் உணரி சரி. பெட்டிக்குள் கிளட்ச் நழுவுகிறது.

சரிசெய்தல்

முதலில் உணரியின் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மங்கலம்பேட்டை போல வயல் சூழ்ந்த ஊர்களில் எலி கடித்த ஒயர் சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்கும். 2015இல் தமிழ்நாட்டில் வந்தது போன்ற வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த கார்களில் கப்ளர் மாதக்கணக்கில் கழித்தும் தொல்லை தரலாம். உணரியின் காந்த முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைத்தாலே சிக்னல் திரும்புவதுண்டு. தூள் மிகுதியானால் பெட்டிக்குள் தேய்மானம். எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்ற விற்பனைப் பேச்சு நம் வெயிலுக்கு ஒத்துவராது. ஏஎம்டியில் நிலை உணரியை மாற்றினால் ஸ்கேனர் மூலம் அளவைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும்.

இன்றைய மின்கார்கள் பெரும்பாலும் ஒற்றைக் கியர் கொண்டவை. அவற்றில் இச்சிக்கல் குறைவு.

இப்படி ஒரே கியரில் சிக்கிய காரை, தீய்ந்த வாடை இல்லாவிட்டால், மங்கலம்பேட்டையிலிருந்து அருகிலுள்ள விருத்தாசலம் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிக் குறியீட்டை அழித்துவிட்டு உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஏறக் கூடாது.