தண்டி யாத்திரையின் மூட்டைக் கணக்கு

1930-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட தொண்டர்களுடன் புறப்பட்டு, சுமார் 240 மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்து, ஏப்ரல் 5-ஆம் தேதி தண்டிக் கடற்கரையை அடைந்த காந்தியடிகளின் யாத்திரை தேசமெங்கும் பிரசித்தமானதே. ஆயினும் அத்தனை பேர் அத்தனை நாள் நடப்பதற்கு எதைச் சுமந்தார்கள், எதை உண்டார்கள், எதை வேண்டாமென்று விலக்கினார்கள் என்னும் கணக்கில்தான் அந்த யாத்திரையின் உயிர்நிலை இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

தோளில் ஒரு பை, படுக்கைச் சுருள், மாற்று வஸ்திரம், நூல் நூற்கத் தக்ளி, தண்ணீருக்கு ஒரு குவளை, நாட்குறிப்பு. ஒவ்வொருவரின் உடைமையும் ஏறக்குறைய இவ்வளவே. வழியிலுள்ள கிராமத்தார் அன்பின் மிகுதியால் விருந்து வைத்துவிடுவார்களே என்று அஞ்சிய அடிகள், ஆகார விதிகளைப் பத்திரிகை வாயிலாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார். காலையில் கூழ், நண்பகலில் ரொட்டியும் காய்கறியும் பாலோ மோரோ, மாலையில் வறுத்த கடலை, இரவில் கிச்சடி. காய்கறியை எண்ணெயும் மசாலையும் மிளகாயும் சேராமல் வெறுமனே வேகவைக்க வேண்டும். நெய் தலைக்கு நாளொன்றுக்கு மூன்று தோலாவுக்கு மேற்படலாகாது. தித்திப்புப் பண்டம் செய்தாலும் ஏற்கப்படமாட்டாது. தாம்பூலத்துக்கும் தேநீருக்கும் ஒரு காசும் செலவிடக் கூடாது. படுக்கச் சுத்தமான, கூரையுள்ள இடம் இருந்தால் போதும். ஒரு குடும்பத் தலைவியின் கண்டிப்போடு நெய்யையும் அளந்து சொன்ன தலைவர் வேறொருவர் உண்டா!

இவ்வளவு விதித்தும் விதி மீறப்பட்டது. சூரத்திலிருந்து மோட்டார் லாரியில் பால் வந்தது. இரவு நடைக்கு வெளிச்சம் வேண்டுமென்று கனத்த மண்ணெண்ணெய் விளக்கொன்றை ஏழைக் கூலியாள் ஒருவரின் தலையில் ஏற்றி, விரைந்து நடக்கும்படி அவரை விரட்டினார்கள். அக்காட்சியைப் பொறுக்கமாட்டாமல் அடிகள் தம் நடையை வேகப்படுத்தி முன்னே செல்ல, அந்த மனிதரும் அவர் பின்னே ஓட வைக்கப்பட்டார். மார்ச் 29-ஆம் தேதி பத்காம் கிராமத்தில் அடிகள் இதையெல்லாம் பகிரங்கமாகக் கண்டித்துப் பேசினார். இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவாயிருக்க, ராஜப்பிரதிநிதி எழுநூறு ரூபாய்க்கு மேல் பெறுகிறாரே என்று அவருக்கே கடிதம் எழுதிய பிறகு, தம் கூட்டத்தாரே ஆடம்பரமாக வாழ்ந்தால் அக்கடிதத்துக்கு என்ன யோக்கியதை என்பதே அவருடைய கேள்வி.

தண்டி யாத்திரையை அடியொற்றி, அதே ஏப்ரலில் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் 150 மைல் நடைப்பயணம் தொடங்கினார். தொண்டர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தபோது, ஜனங்கள் உணவுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டிவைத்து அவர்களைக் காப்பாற்றினார்கள். சிக்கனமாகப் புறப்பட்டவர்களின் பசியை ஆற்ற அவ்வெளிய பொட்டலங்களே போதுமாயிருந்தன.

தண்டி யாத்திரையைப் பாடமாகச் சொல்லித்தரும் ஆசிரியர்கள், மைல் கணக்கோடு நின்றுவிடாமல், அந்த ஆகாரப் பட்டியலையும் பத்காம் பிரசங்கத்தையும் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாக.