சர் ஜேம்ஸ் டக்ளஸும் டக்ளஸ் குடிவழியும்

ஒரு குடி பெருமையுற்று நிலைபெறுதற்குக் காரணம் யாது? குருதித் தொடர்பே என்பது பலரும் கூறும் விடை. ஆயின் இடைக்கால ஐரோப்பிய உயர்குடிகளின் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்கு இவ்விடை முற்றும் பொருந்துவதன்று என்பது புலனாகும். குருதியோடு பட்டயமும் பாட்டும் கூடியே ஒரு குடிவழியை ஆக்கின. இவ்வுண்மைக்கு ஸ்காட்லாந்து நாட்டு டக்ளஸ் குடி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அக்குடியின் நடுநாயகமாக விளங்கியவன், 1286ஆம் ஆண்டளவில் பிறந்து 1330இல் ஸ்பெயின் நாட்டுப் போர்க்களத்தில் மாண்ட சர் ஜேம்ஸ் டக்ளஸ் ஆவான். அவன் நாட்டார் அவனை 'நல்லோன் சர் ஜேம்ஸ்' எனப் போற்றினர். ஆங்கிலேயரோ 'கரிய டக்ளஸ்' என அஞ்சினர். அவன் வாழ்வையும், அவனுக்கு முன்னும் பின்னும் அக்குடி நடந்த வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

குடியின் தோற்றம்

டக்ளஸ் என்பது முதற்கண் ஓர் ஆட்பெயரன்று, இடப்பெயரே. கேலிக் மொழியில் அது 'கருநீர்' எனப் பொருள்படும். ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் லானார்க்குச் சீமையில் ஓடும் ஓர் ஆற்றுக்கும், அதன் பள்ளத்தாக்குக்கும் அப்பெயர் வழங்கியது. அந்நிலத்தை உடையார் அப்பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்டனர்.

இக்குடியினருள் ஆவணத்தால் அறியப்படும் முதல்வன் வில்லியம் என்பான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில், கிளாஸ்கோ ஆயர் ஜோசலின் கெல்சோ மடத்துத் துறவியர்க்கு வழங்கிய பட்டயம் ஒன்றில் இவன் சான்றாளனாகக் காணப்படுகின்றான். இவனுக்கு முற்பட்டார் யாவர் என்பதைப் பட்டயங்கள் கூறவில்லை. ஆயின், வரலாறு வாளாவிருந்த இடத்தைக் கற்பனை நிரப்பிற்று. 1644இல் அச்சேறிய காட்ஸ்கிராப்ட் ஊர் டேவிட் ஹியூமின் டக்ளஸ் குடி வரலாறு, எட்டாம் நூற்றாண்டிலேயே அரசனுக்குப் போரில் வெற்றி தேடித்தந்த ஷோல்ட்டோ என்னும் மறவனைக் குடிமுதல்வனாகக் காட்டுகின்றது. அரசனுக்கு அவனைச் சுட்டிக்காட்டிக் கூறப்பட்ட சொல்லே குடிப்பெயராயிற்று என்பது அந்நூலின் கூற்று. ஆற்றின் பெயரை ஆளின் பெயராக்கப் பிறந்த கதை இஃதென்பது வெளிப்படை. குடி பெருநிலை எய்திய பின்னரே அதன் தொன்மை நீட்டப்படும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

தந்தையும் தனயனும்

ஜேம்ஸின் தந்தை வில்லியம், 'துணிவுடையான்' என்னும் அடைபெற்றவன். தாய் எலிசபெத், அரசவையின் பெரும்பதவியாகிய ஸ்டூவர்டு பதவியை வழிவழி வகித்த குடியில் தோன்றியவள். 1296இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு பெரிக் நகரைத் தாக்கி மக்களைக் கொன்று குவித்தபோது அந்நகர்க் கோட்டையின் தலைவனாக இருந்தவன் வில்லியமே. அடுத்த ஆண்டு வில்லியம் வாலஸின் கிளர்ச்சியில் சேர்ந்து, மீண்டும் சிறைப்பட்டு, இலண்டன் கோபுரச் சிறையிலேயே உயிர்நீத்தான். அவன் நிலங்கள் ஆங்கிலப் பிரபுவாகிய இராபர்ட் கிளிப்போர்டுக்கு வழங்கப்பட்டன.

தந்தையும் நிலமும் இழந்த இளைஞன் பாரிஸில் சிலகாலம் தங்கிப் பின்னர்ச் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் லாம்பர்ட்டனிடம் பணிபுரிந்தான். எட்வர்டு ஸ்டர்லிங்கில் இருந்தபோது ஆயர் அவனை அழைத்துச் சென்று தந்தையின் நிலத்தை வேண்டினார். மன்னன் சினந்து மறுத்தான். இதனை நமக்குக் கூறுவது ஜான் பார்பர் இயற்றிய 'புரூஸ்' என்னும் காப்பியம். 1306இல் இராபர்ட் புரூஸ் முடிசூடச் சென்றபோது ஜேம்ஸ் அவனைச் சேர்ந்தான். நாட்டின் விடுதலையும் தன் நிலத்தின் மீட்சியும் அவனுக்கு ஒன்றாயின.

போர் வாழ்வு

1307ஆம் ஆண்டளவில், குருத்தோலை ஞாயிறன்று, தன் ஊர்க் கோவிலில் வழிபட வந்த ஆங்கிலப் படையினரை ஜேம்ஸ் வளைத்துக்கொண்டான். பின் கோட்டைக்குட் புகுந்து, உணவுப்பொருள்களைக் குவித்துச் சிதைத்து, சிறைப்பட்டாரை அவற்றின்மேல் வெட்டி வீழ்த்தி, தன் முன்னோர் கோட்டையைத் தானே எரியூட்டினான் என்று பார்பர் பாடுகின்றார். மக்கள் இதனை 'டக்ளஸின் உணவறை' என்றனர். பகைவர்க்குப் பயன்படாவாறு கோட்டைகளை அழித்தல் புரூஸின் போர்முறை. ஆயினும் இந்நிகழ்ச்சியின் கொடுமை மறைக்கத்தக்கதன்று. நல்லோன், கரியன் என்னும் இரு பெயரும் ஒருவனுக்கே அமைந்தமைக்கு இதுவே விளக்கம்.

1314 பிப்ரவரியில், நோன்புக் காலத்திற்கு முந்திய விழா இரவில், கரிய மேலாடை போர்த்த வீரர்களுடன் தரையில் தவழ்ந்து சென்று, கயிற்றேணி வழியே ஏறி ராக்ஸ்பரோக் கோட்டையைக் கைப்பற்றினான். இருளில் அவர்களைக் கண்ட காவலர் மாடுகள் எனக் கருதினராம். அவ்வாண்டு ஜூன் திங்களில் நிகழ்ந்த பானக்பர்ன் போரில் தோற்றோடிய இரண்டாம் எட்வர்டைச் சிறு குதிரைப்படையுடன் டன்பார் வரை துரத்தினான். 1327இல் வியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இளைஞனாகிய மூன்றாம் எட்வர்டின் பாசறையை இரவில் தாக்கி, அம்மன்னனை மயிரிழையில் தப்பவிட்டான்.

இவ்வெற்றிகளின் பயன் நிலமாக வந்தது. 1320இல் போப்பாண்டவர்க்கு விடுக்கப்பட்ட ஆர்புரோத் மடலில் டக்ளஸ் தலைவன் என அவன் பெயர் இடம்பெற்றது. 1324இல் புரூஸ் அவனுக்கு வழங்கிய உரிமைகளைத் தாங்கியது 'மரகதப் பட்டயம்' ஆகும். 1322இல் பைலாண்டுப் போரில் சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர் மூவரின் மீட்புப்பணத்திற்கு ஈடாக அவ்வுரிமைகள் தரப்பட்டன. அவற்றின் அடையாளமாக அரசன் மரகத மோதிரம் ஒன்றை அவன் விரலில் அணிவித்தான்.

இதயமும் இரு பாடல்களும்

1329 ஜூன் 7ஆம் நாள் இறந்த புரூஸ், தன் இதயத்தைப் புனித நாட்டிற்கு எடுத்துச் செல்லுமாறு பணித்திருந்தான். அதனை ஒரு பேழையில் இட்டுக் கழுத்தில் தாங்கிச் சென்ற ஜேம்ஸ், காஸ்டில் மன்னன் பதினோராம் அல்போன்சோவின் படையில் சேர்ந்து, கிரானடாவின் முஸ்லிம்களுக்கு எதிராகப் போரிட்டு, 1330 ஆகஸ்டு 25இல் தேபா என்னுமிடத்தில் மாண்டான். அவன் எலும்புகள் டக்ளஸ் ஊர்ப் புனித பிரைட் கோவிலிலும், அரசன் இதயம் மெல்ரோஸ் மடத்திலும் அடக்கம்பெற்றன.

இறக்கும் தறுவாயில் அவன் பேழையைப் பகைவரிடையே வீசியெறிந்து, அதனைப் பின்தொடர்ந்து பாய்ந்தான் என்னும் செய்தி உலகெங்கும் பரவியுள்ளது. ஆயின் 1375ஐ ஒட்டிப் பாடிய பார்பர் இதனை அறியார். இச்செய்தியைக் கூறுவது, 1448ஆம் ஆண்டளவில் ரிச்சர்டு ஹாலண்டு இயற்றிய 'ஆந்தை நூல்' என்னும் பறவைக் கதைப் பாட்டு. அது டக்ளஸ் குடியினனாகிய மரே பிரபுவின் மனைவி எலிசபெத்துக்காகப் பாடப்பெற்றது. அதில் ஜேம்ஸ் புனிதக் கல்லறையையே அடைந்துவிடுகின்றான்! நிகழ்ச்சிக்கு அண்மையில் நின்ற பாட்டில் இல்லாத வீரச்செயல், நூறாண்டு கடந்து, அக்குடியின் இல்லத்தில் பிறந்த பாட்டில் தோன்றுதல் பெரிதும் கருதத்தக்கது. அதற்குள் குருதி நிற இதயம் டக்ளஸ் கேடயத்தின் சின்னமாகியிருந்தது. சின்னம் கதையை வேண்டிற்று. பாட்டு அதனை அளித்தது.

பட்டயம் ஆக்கிய வழித்தோன்றல்

ஜேம்ஸுக்குப் பின் குடி அறுந்துபோகும் நிலை எய்திற்று. அவன் மகன் வில்லியமும், மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியும் நாட்டின் காவலனுமாகிய ஆர்ச்சிபால்டும் 1333இல் ஹாலிடன் குன்றுப் போரில் ஒருங்கே மடிந்தனர். உரிமை, சமயப் பணியாளனாகிய மற்றொரு தம்பி ஹியூவை அடைந்தது. அவன் 1342இல் தன் உரிமையைத் துறக்க, புதியதோர் உரிமைவரிசைப் பட்டயம் எழுதப்பெற்றது. அதன்படி முதலுரிமை ஹாலிடனில் மடிந்த காவலன் மகன் வில்லியமுக்கு. அடுத்தது லிடெஸ்டேல் தலைவன் வில்லியம் டக்ளஸுக்கு. மூன்றாவது, சர் ஜேம்ஸுக்கு மணவுறவின்றிப் பிறந்த மகன் ஆர்ச்சிபால்டுக்கு. மணவழிப் பிறவாதானுக்கு இயல்பாக உரிமை இல்லை. தந்தையின் புகழே அவனை அவ்வரிசையில் நிறுத்தியிருத்தல் வேண்டும்.

அன்று மூன்றாம் இடத்தில் எழுதப்பட்ட பெயர் நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் உயிர்பெற்றது. லிடெஸ்டேல் தலைவனை 1353இல் முதலுரிமையாளனாகிய வில்லியமே கொன்றான். அவ்வில்லியம் 1358இல் முதல் டக்ளஸ் பிரபுவானான். அவன் மகன், இரண்டாம் பிரபு, 1388இல் ஆட்டர்பர்ன் போரில் மணவழி மக்களின்றி மாண்டான். உரிமை கோரி அவன் தங்கையின் கணவன் எழுந்தான். ஆயின் 1389இல் நாட்டு மன்றம் 1342ஆம் ஆண்டுப் பட்டயத்தை ஏற்று, 'கடுமையன்' என்று பெயர்பெற்ற ஆர்ச்சிபால்டையே மூன்றாம் பிரபுவாக்கியது. குருதியால் நெருங்கிய பெண்வழி விலக்கப்பட, எழுத்தால் காக்கப்பட்ட வழி வென்றது.

பார்பரின் காப்பியம் இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் தோன்றியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அப்புலவர் புரூஸின் மகள்வழிப் பேரனாகிய இரண்டாம் இராபர்ட் மன்னனிடம் கொடைபெற்றவர். எனினும் அரசனுக்கு அடுத்த தலைவனாகவே ஜேம்ஸைப் பாடினார். காப்பியம் எழுந்த காலத்தில் ஜேம்ஸின் தம்பி மகன் பிரபுவாகவும், மகன் காலோவே நிலத் தலைவனாகவும் வீற்றிருந்தனர்.

வீழ்ச்சி

அரசரைக் காத்த குடி அரசர்க்கு அச்சமாயிற்று. 1440இல் ஆறாம் பிரபுவும் அவன் தம்பியும், இருவரும் இளைஞர், எடின்பரோக் கோட்டையில் கொல்லப்பட்டனர். 1452இல் எட்டாம் பிரபுவை இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் ஸ்டர்லிங்கில் தன் கையாலேயே குத்தினான். 1455இல் ஆர்கின்ஹோம் போரில் கரிய டக்ளஸ் வழி வீழ்ந்தது. ஹாலண்டின் பாட்டைப் பெற்ற எலிசபெத்தின் கணவனும் அப்போரில் மடிந்தான். டக்ளஸ் நிலம், முதற் பிரபுவுக்கு மணவுறவின்றிப் பிறந்த ஜார்ஜின் வழியினரான ஆங்கஸ் பிரபுக்களைச் சேர்ந்தது. அவர்கள் 'செந்நிற டக்ளஸ்' எனப்பட்டனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மணவழிப் பிறவாத இருவர் இக்குடியின் இரு பெருங்கிளைகளைத் தாங்கினர் என்பதும், முதல்வனின் புகழும் பட்டயத்தின் எழுத்தும் குருதியினும் வலியவாய் நின்றன என்பதும் விளங்கும். வரலாற்றுக்குப் பாட்டைச் சான்றாகக் கொள்வார் இதனின்று ஒன்று கற்கலாம். பாட்டைப் பொய்யெனத் தள்ளுதலும் தகாது. முழுதும் மெய்யெனக் கொள்ளுதலும் தகாது. ஸ்டர்லிங்கில் நிலம் வேண்டி நின்ற இளைஞனைப் பார்பர் இன்றேல் நாம் காணோம். வீசப்பட்ட இதயத்தை ஹாலண்டு இன்றேல் உலகம் கேட்டிராது. எப்பொழுது பாடப்பெற்றது, எவர் இல்லத்தில் பாடப்பெற்றது, அன்று எவர் உரிமை அதனால் வலுப்பெற்றது என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே பாட்டு வரலாற்றுக்கு வாய்திறக்கும்.